நெகடிவ் வூட்டுலதான் கீது

எங்க குப்பத்துல அப்பல்லாம் ஒரு நிச்சயதார்த்தம் முறிஞ்சி போச்சின்னா ரெண்டு வூட்டு ஆளுங்களும் பெரியவங்க முன்னாடி குந்தி, வாங்குனது குடுத்தது எல்லாத்தையும் திருப்பிக்குவாங்க. பொடவை, மோதிரம், வெள்ளித் தட்டு. எல்லாம் முடிஞ்சி எழுந்திரிக்கும்போது பொண்ணு வூட்டுலேந்து ஒரு பொம்பள கண்டிப்பா கேக்கும்: "நெகடிவ் எங்க?" நிச்சயத்துக்கு போட்டோ புடிச்ச ஸ்டுடியோவுக்கு ஆள் போயி நெகடிவ் கவர வாங்கியாந்து பொண்ணோட அம்மா கைல குடுத்தாதான் பஞ்சாயத்து கலையும். என் சின்னத்தைக்கு அப்படி ஆனப்போ எங்கம்மாதான் ஸ்டுடியோ வாசல்ல போயி நின்னு, சண்ட போட்டு வாங்கியாந்துச்சி. நெகடிவ் யார் கைல கீதோ படம் அவங்களுது. அதுக்கு மேல எவனும் ஒண்ணும் புடுங்க முடியாது. இத்த எங்கம்மா நம்புச்சி. நானும் நம்புனேன். செல்போன கைல வெச்சிகினு, நாள் முழுக்க போட்டோ புடிச்சி கம்ப்யூட்டர்ல ஏத்தற வேலைல இருந்துகினு, நானும் நம்புனேன் பாரு. அதான் எனக்கு இன்னும் ஆற மாட்டேங்குது.

எங்கம்மா காசிமேட்டுல ஏலம் எடுத்து, ராயபுரத்துல ஒரு தெருமுனைல கூடை போட்டு மீன் விக்குது. நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேந்து அதே எடம். நல்ல மனசு, பெரிய வாய். சில வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான். வஞ்சிரத்தோட செவுள தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, "ஐஸ் மீனுதானே, பாதி வெலைக்கு குடு"ன்னான். காலைல கரைக்கு வந்த மீனு அது. அம்மா எழுந்துச்சி, இடுப்புல கை வெச்சிச்சி, அவன் பரம்பரைக்கே சேத்து குடுத்துச்சி. பக்கத்துல எவனோ போன்ல புடிச்சிட்டான். அவ்ளோதான், முடிஞ்சிது கதை.

ஊரு பூரா சுத்துச்சி அந்த வீடியோ. அதுலேந்து வெட்டி ஸ்டிக்கர் வேற பண்ணிட்டானுங்க. வாயத் தொறந்துகினு, கைய நீட்டிகினு எங்கம்மா. கீழ கொட்ட எழுத்துல, "ஐஸு மீனா? உன் மூஞ்சிதான் ஐஸு!" எங்க வேலை குரூப்புலயே வந்துச்சி. லாரி லேட்டாவும்னு ஒருத்தன் சொன்னதுக்கு சூப்பர்வைசர் தூக்கி அத்த போட்டாரு. "சார், அது எங்கம்மா"ன்னு டைப் பண்ணேன். கொஞ்ச நேரம் கழிச்சி ஒருத்தன் மட்டும் கும்புடு போட்டான்.

மொதல்ல அம்மா அத்த வெளையாட்டாதான் எடுத்துகிச்சி. "நான் பேமஸ் ஆயிட்டேன்டா"ன்னு சிரிச்சிச்சி. அப்பறம் ஒரு நாள் பஸ்ல ஒரு ஸ்கூல் பொண்ணு அம்மா எதிர்லயே இடுப்புல கை வெச்சி, அதே மாதிரி கத்தி காமிச்சிது. பஸ்ஸே சிரிச்சிதாம். நம்ம பேச்ச வெச்சி சிரிக்கறது ஒண்ணும் புதுசில்ல, வடசென்னைக்காரன் வாயத் தொறந்தாலே ஜோக்குன்னுதான் ஊருக்கு நெனப்பு. ஆனா அது சினிமாவுல எவனோ ஒருத்தன். இது எங்கம்மா. நடுவுலயே எறங்கி, கூடைய இடுப்புல வெச்சிகினு நடந்தே வூட்டுக்கு வந்துச்சி. அன்னைலேந்து எவன் போன தூக்குனாலும் முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கும். கல்யாண வூட்டுல மேடை ஏறாது. வாயும் சுருங்கிப் போச்சி. எவனாச்சும் வெலை கம்மியா கேட்டா ஒண்ணும் சொல்லாம வேற பக்கம் பாக்கும். வூட்டுல என்னை திட்டறதுகூட கொறைஞ்சி போச்சி. அந்த அமைதி இருக்கே, அய்யோ, அத்த தாங்க முடியல எனக்கு. அப்பா போயி ரொம்ப வருசம் ஆவுது, வூட்டுல நானும் அம்மாவும்தான். அதோட சத்தம் இல்லன்னா வூடே இல்ல.

இப்ப என் கதைக்கு வரேன். நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல கீறேன். கேட்டுல மெஷின் முன்னாடி மூஞ்சிய காமிச்சாதான் கதவு தொறக்கும். தாடி வுட்டா அதுக்கு என்னைத் தெரியாது, "மீண்டும் முயற்சிக்கவும்"னு சொல்லும். உள்ள போனா ஒவ்வொரு பொட்டியையும் நாலு பக்கமும் போட்டோ புடிச்சி கம்ப்யூட்டர்ல ஏத்தணும். ஒடுக்கு, துரு, சீலு. புடிச்சது ஒண்ணையும் நான் திரும்பிப் பாத்ததில்ல. யாரும் பாத்திருக்க மாட்டாங்க. எல்லாம் எங்கியோ போயி குமியுது, கொடுங்கையூர் குப்பமேடு மாதிரி. சாயங்காலம் வூட்டுக்கு வந்தாலும் போன் டிங்கு டிங்குனுகினேதான் இருக்கும். கண்ணு எரியும். மனசும்தான்.

அப்பதான் என் தோஸ்து என்னை இழுத்துகினு போனான். ஸ்கூல்ல ஒண்ணா படிச்சவன். அவங்க தெக்கத்தி ஆளுங்க, ராயபுரத்துல மளிகை மொத்த யாவாரம். இவன் மட்டும் படிச்சி, வெளியூரெல்லாம் சுத்திட்டு வந்து, அவங்கப்பா குடோன் மாடில ஒரு ரூம இருட்டாக்கி பிலிம் கழுவ ஆரம்பிச்சான். கீழ மொளகா மூட்டை, பெருங்காயம். மேல மருந்துத் தண்ணி வாசன. ஞாயித்துக்கெழமை காலைல நாலஞ்சி பேரு பழைய கேமராவோட கெளம்புவாங்க. போன எல்லாம் ஒரு பையில போட்டு பூட்டிடணும், அது அவன் சட்டம். "மச்சி, போன்ல புடிக்கறது ஊருக்கு. பிலிம்ல புடிக்கறது நமக்கு"ம்பான். நான் வாயப் பொளந்துகினு கேப்பேன்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது புடிச்சிருந்துச்சி. ரொம்பவே புடிச்சிருந்துச்சி. லீவர இழுத்தா கட்டை விரலுக்கு ஒரு சத்தம் கேக்கும் பாரு, காதுக்கு இல்ல, விரலுக்கு. ஒரு ரோலுக்கு முப்பத்தாறுதான். அதனால அடிக்கறதுக்கு முன்னாடி பாக்கணும். வள்ளூர் பவர் பிளான்ட் புகைபோக்கிய தெனம் பாக்கறவன் நான். ஒரு நாள் ஆத்தோரம் கேமராவோட நின்னப்பதான் தெரிஞ்சிது, காலைல அந்தப் பொகை நேரா மேல போவுது, கடக்காத்து எழுந்ததும் ஊரு பக்கம் சாயுது. இத்தினி வருசமா எனக்கு கண்ணு இருந்து இன்னா பிரயோஜனம்? அடிச்சிட்டு ஒடனே பாக்கவும் முடியாது. பொட்டிக்குள்ளயே கெடக்கும். ஒரு வாரம் அந்த நெனப்போடயே வேலைக்குப் போவேன். சொம்மா சொல்லல, அந்த ஒரு வாரம்தான் எனக்கு சொகமே.

ஒரு நாள் அம்மா கேமராவ கைல வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்துச்சி.

"இதுல டீவி மாதிரி ஒண்ணும் இல்லியே. புடிச்சது எங்க கீது?"

"உள்ளதான் கீது. கயுவுனாதான் வரும்."

"அந்தக் காலத்து மாதிரியா?" மூஞ்சி மாறுச்சி. "அப்ப நெகடிவ் உண்டா?"

"உண்டு."

கேமராவ கீழ வெச்சிட்டு வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவுச்சி. அத்த வாயில போட்டுகினு அதுவா சொல்லுச்சி: "எனக்கு ஒண்ணு புடியேன். நான் செத்தா மாட்டறதுக்கு ஒரு போட்டோ வாணாமா? இல்லாங்காட்டி அந்த எழவு ஸ்டிக்கரதான் பெருசு பண்ணி மாலை போடுவீங்க."

"இன்னாம்மா பேச்சு இது."

"கயுவறவன் யாரு?"

"என் தோஸ்துதான். சின்ன வயசுல நம்ம வூட்டுல மீன் கொயம்பு துன்னுட்டு, தட்ட நக்குவானே, அவன்."

"அவனா? சரி. நெகடிவ் என் கைக்கு வந்துடணும். ஒண்ணு கொறையாம."

"கையோட வாங்கியாந்துடறேன்"னு சொன்னேன்.

அடுத்த ஞாயித்துக்கெழமை யாவாரம் முடிச்சி வந்து, குளிச்சி, தலைய வாரிகினு, வூட்டுக்குப் பின்னாடி கவுத்துப் போட்ட கூடை மேல குந்துச்சி. கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம மடியில வெச்சிகினு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு குந்தற மாதிரி வெறைப்பா குந்துச்சி. நான் பாதி ரோல அப்படியே அடிச்சேன். ஒண்ணும் சரியில்ல. வெளிச்சம் பாக்கறேன், போகஸ் பண்றேன், கிட்ட போறேன், தள்ளி போறேன். வெயிலு வேற. அம்மாவுக்கு பொறுமை போச்சி.

"அடேய், மீனே நாறிப் போயிருக்கும்டா இன்னேரம்! இன்னாத்த அப்படி உத்து உத்துப் பாக்கற? உன்னைப் பெத்த மூஞ்சிதானே, புதுசா? அடிச்சித் தொலையேன்டா சோம்பேறி!"

எத்தினி நாளாச்சி இந்த வாயக் கேட்டு! எனக்கு சிரிப்பு தாங்கல. கேமராவுக்குப் பின்னாடி ஒடம்பு குலுங்குது. அம்மா அத்த பாத்துச்சி. தான் கத்துனது தனக்கே தெரிஞ்சி, வாய் நெறைய வெத்தலக் கறையோட, கண்ண இடுக்கிகினு, பெருசா சிரிச்சிச்சி. நான் அடிச்சிட்டேன். "அது வாணாம், வாயெல்லாம் தெரியும்"னுச்சி ஒடனே. வாயில முந்தானைய வெச்சிகினு அப்பவும் சிரிச்சிகினுதான் இருந்துச்சி.

பிலிம கழுவி போட்டோ போடும்போது நானும் கூட நின்னேன். செவப்பு வெளிச்சத்துல, தட்டுல வெள்ள பேப்பர் மெதக்குது. மொதல்ல தலைமுடி வந்துச்சி, அப்பறம் கண்ணு, வெத்தலக் கறைப் பல்லு, அப்பறம் அம்மா முழுசா. அவன் பேப்பர உத்துப் பாத்துட்டு, "மச்சி, நான் இது மாதிரி ஒண்ணு என் வாழ்க்கைல அடிச்சதில்லடா"ன்னான். எனக்கு நெஞ்சு நெறைஞ்சி போச்சி. அந்த நெறைவுலதான் ஸ்டிக்கர் கதையெல்லாம் அவன் கிட்ட கொட்டுனேன். பஸ்ஸு, ஸ்கூல் பொண்ணு, நடந்து வந்தது, எல்லாம். "இத்த நீ எங்கியும் போடக் கூடாது. ஸ்கேன் கீன் எதுவும் வாணாம். அம்மாவுக்கு வாக்கு குடுத்துட்டு வந்துக்கீறேன்"னேன். ஈரக் கைய என் தோள்ல வெச்சி, "எங்கம்மா மேல சத்தியமா மச்சி"ன்னான்.

மறுநாள் நெகடிவ துண்டு துண்டா வெட்டி, கவர்ல போட்டுக் குடுத்தான். நடுவுல ஒரு ராத்திரி நெகடிவ் அவன் கைல தனியா இருந்துச்சி. அந்த ஒரு ராத்திரி போதும்னு எனக்கு உறைக்கவே இல்ல.

அம்மா நெகடிவ பல்பு பக்கம் தூக்கிப் பாத்துச்சி. "அய்ய, தலை வெள்ளையா, மூஞ்சி கருப்பா, பேயி மாதிரி கீறேன்"னு சிரிச்சிச்சி. பீரோவுல பட்டுப்பொடவைக்கு அடியில வெச்சி பூட்டுச்சி. வெறைப்பா குந்துன போட்டோ ஒண்ணுத்த ப்ரேம் போட்டு மாட்டிகிச்சி. அந்த சிரிப்பு போட்டோவ மட்டும் எனக்குக் குடுத்து, "நீயே வெச்சிக்க, வெளிய காமிக்காத"ன்னுச்சி. அன்னைலேந்து வாய் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்துச்சி. ஒரு வாட்டி தராசுல கைய வெச்ச ஒருத்தன தொரத்தியடிச்சிதாம். பக்கத்துக் கூடைக்காரம்மா வந்து எங்கிட்ட குறை சொன்னப்போ எனக்கு திருவிழா மாதிரி இருந்துச்சி.

மழை முடிஞ்ச சமயம் அது. ஒரு நாள் நான் வேலை முடிஞ்சி வந்தா அம்மா வூட்டுல கீது. கூடைல பாதி மீனு அப்படியே கீது. பீரோ தொறந்து கெடக்குது. பட்டுப்பொடவையெல்லாம் கட்டிலு மேல. மடியில நெகடிவ் கவரு.

"எல்லாம் வூட்டுலதான் கீதுடா. எண்ணிப் பாத்துட்டேன். ஒண்ணுகூட போவல"ன்னுச்சி.

எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்பறம்தான் சொல்லுச்சி. ரெண்டு காலேஜ் பொண்ணுங்க கூடை கிட்ட வந்து, "நீங்கதானே அந்த எக்ஸிபிஷன்ல இருக்கற அம்மா?"ன்னு கேட்டு, கூட நின்னு செல்பி எடுக்கணும்னு சொல்லிக்கீதுங்க. அம்மா முழிச்சிக்கீது. போன்ல காமிச்சிக்கீதுங்க. ஏதோ பெரிய ஹாலு, வெள்ள செவுரு, செவுரு பூரா அம்மா. வாயத் தொறந்துகினு, வெத்தலப் பல்லோட. அம்மாவுக்கு மொதல்ல வந்த நெனப்பு, வூடு பூந்து எவனோ நெகடிவ திருடிட்டான்னு. அடிச்சி புடிச்சி வந்து பீரோவ தொறந்துக்கீது. எல்லாம் வெச்ச எடத்துல பத்தரமா கீது.

"இங்க கீறது அங்க எப்பிட்றா போச்சி?"

ஸ்கேன் பண்றதுன்னா இன்னான்னு சொன்னேன். நெகடிவ ஒரு தபா மெஷின்ல வெச்சி எடுத்தா போதும், அப்பறம் எத்தினி வாணும்னாலும் போட்டுக்கலாம், எங்க வாணும்னாலும் அனுப்பலாம்னு சொன்னேன். அம்மா கவரயே பாத்துகினு இருந்துச்சி.

"அப்ப நெகடிவ் எதுக்குடா?"

மறுநாளே லீவு போட்டுட்டு கெளம்பிட்டேன், ஊரோட அந்தக் கோடிக்கு. ஏசி ஹாலு. உள்ள நொழைஞ்சதும் எதுர்ல எங்கம்மா, என்ன வுட ரெண்டு மடங்கு ஒசரத்துல. ஒரு செகண்டு அப்படியே நின்னுட்டேன், அவ்ளோ அழகு. அந்த நெனப்புக்கு என் செருப்பாலயே என்னை அடிச்சிக்கலாம். பக்கத்துல ஒரு சின்ன ப்ரேமுல, நம்புவீங்களா, அதே ஸ்டிக்கரு. "ஐஸு மீனா?" எழுத்தோட. அதுக்குக் கீழ ஒரு அட்டைல, "கேலியிலிருந்து கம்பீரத்துக்கு: ஒரு வடசென்னைத் தாயின் பயணம்." பஸ்ல நடந்தது, மூஞ்சிய மூடிகினது, எல்லாம் என் தோஸ்து அழகான தமிழ்ல எழுதி வெச்சிக்கீறான். ஊரே மறந்து போன ஸ்டிக்கர தோண்டியெடுத்து கண்ணாடி போட்டு மாட்டிக்கீறான். கடைசி வரியில "புகைப்படம்: அவர் மகன்"னு போட்டு என் பேரு.

என் பேரு! அவன் பேரு இருந்தாகூட திருட்டுப்பயன்னு வுட்டிருப்பேன். இப்ப பாக்கறவன் எவனும் பெத்த புள்ளையே வித்துட்டான்னுதானே நெனப்பான்?

அவன் சிரிச்சிகினே வந்தான். "மச்சி, சொல்லாம சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு இருந்தேன். கடைசி நாளு அம்மாவ இட்டுகினு வா, மேடை ஏத்தி மரியாத பண்ணலாம்."

"சத்தியம் பண்ணியேடா."

"போன்ல போடலியே மச்சி. இது கேலரிடா. வேற மாதிரி ஜனங்க." கொரல தாழ்த்திகினு, அங்க கீறவங்களுக்கு கேக்கற மாதிரி தமிழ மாத்திகினான்: "இது உங்க அம்மாவோட எதிர்க்குரல். இதை பீரோவுல பூட்டி வைக்கிறது நியாயமா?"

எங்கம்மா வூட்டுல தட்ட நக்குன நாக்குடா அது! எனக்கு மண்டைக்கு ஏறிடுச்சி. "பேமானி, எங்கம்மா மூஞ்சி உனக்கு மளிக சாமானாடா, தொறந்து வெச்சி யாவாரம் பண்ண? கய்ட்டுடா மொதல்ல!"ன்னு கத்துனேன். ஹாலே திரும்புச்சி. அவன் வெளுத்துப் போயி, "ப்ளீஸ்டா, இங்க வாணாம்"னான். ஓரமா ஒருத்தன் போன தூக்கி எனக்கு நேரா புடிச்சான். நான் வாய மூடிகினேன். கத்தறதுக்குக்கூட இந்த ஊருல எங்களுக்கு எடமில்ல. படத்த கழட்டறேன்னு தோஸ்து சொன்னான். கழட்டியும் இருப்பான். கழட்டி இன்னா, அந்தப் பொண்ணுங்க போன்ல இருந்தா ஊரு போன்ல எல்லாம் இருக்கும்.

வூட்டுக்கு வந்தா அம்மா குந்தி நெத்திலி ஆஞ்சிகினு இருந்துச்சி. நின்ன நெலைல எல்லாத்தையும் கொட்டுனேன். "நம்ம சோத்த துன்னவன்ம்மா, முதுகுல குத்திட்டான். பச்சத் துரோகி. பெத்தவ மேல சத்தியம் பண்ணிட்டு எனக்கே நாமம் போட்டுட்டான். இனிமே அவன் மூஞ்சில முழிச்சா இன்னான்னு கேளு. என்னை இப்படி ஏமாத்திட்டானேம்மா!" கண்ணுல தண்ணி வந்துடுச்சி எனக்கு. கேமராவ தூக்கி ஒடைக்கட்டுமான்னுகூட கேட்டேன்.

அம்மா நெத்திலி தலைய கிள்றத நிறுத்தல.

"உன்னை ஏமாத்திட்டானா?"ன்னுச்சி.

"பின்ன?"

"அவன் யாருடா எனக்கு? அவன் கேட்டிருந்தா நான் குந்தியிருப்பனா? அவன் கிட்ட நான் ஒண்ணுத்தையும் குடுக்கல." கைல ஒட்டியிருந்த செதில பொடவைல தொடைச்சிகினு, மொத தடவையா என்னை நிமிர்ந்து பாத்துச்சி.

"உன்னைப் பாத்துதாண்டா சிரிச்சேன்."